சொற்பட்டியலை யாரிடம் கொடுப்பது?

"இவ்வளவு சனம் விளையாடுது, ஏன் பிள்ளை இதை ஒரு கொம்பனியிட்டைக் குடுக்காமல் வைச்சிருக்கிறியள்?"

திருநெல்வேலிச் சந்தையில் கண்டவர்களும் கேட்டுவிட்டார்கள், ரியூசன் முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மாரும் கேட்டுவிட்டார்கள். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் வட்ஸ்அப்பில் குரல்பதிவாகவே கேட்டாள். நின்ற இடத்தில் நாலு வார்த்தையில் சொல்லி முடிக்கக்கூடிய விசயம் இல்லை இது. ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

எங்கள் விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நாளுக்கு ஒரு சொல். நாலு எழுத்து. ஆறு தடவைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் நீலம், சொல்லில் வேறு இடத்தில் இருந்தால் செம்மஞ்சள். இவற்றோடு மூன்றாவதாக ஒரு குறி உண்டு: மெய் சரி, உயிர் பிழை என்றால் கட்டத்தின் கீழ் ஒரு கோடு விழும். விடை 'பட்டம்' என்று வையுங்கள். நீங்கள் 'கட்டில்' என்று அடித்தால் ட் நீலமாகும், டி-க்குக் கீழே கோடு விழும். செயலி இல்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை, விளம்பரம் இல்லை. ஓர் இணையப் பக்கம், அவ்வளவுதான். நான் கொக்குவிலில் இருந்து நிரல் எழுதுகிறேன். கம்பஸில் என்னோடு படித்த சிநேகிதி வவுனியாவில் இருந்து பக்கத்தின் தோற்றத்தைப் பார்க்கிறாள். உரும்பிராயில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர் சொற்களைத் தெரிகிறார். மூவரில் ரீச்சரின் வேலைதான் பெரியது. அதை விளங்கப்படுத்தத்தான் இந்தப் பதிவு.

எங்களுக்கும் இந்தப் பித்து எல்லோரையும் போல 2022 ஜனவரியில்தான் பிடித்தது. அப்போது வேர்டில் என்ற ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் விளையாட்டு உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. அதைச் செய்தவர் ஜோஷ் வார்டில், நியூயோர்க்கின் புரூக்ளினில் இருந்த ஒரு வேல்ஸ் நாட்டு மென்பொருளாளர். தன் துணைவி பலக் ஷாவுக்குச் சொல் விளையாட்டுகள் பிடிக்கும் என்பதால் அவருக்காகச் செய்தது. 2021 ஒக்ரோபரில் பொதுவில் விட்டார். நவம்பர் முதலாம் திகதி விளையாடியவர்கள் 90 பேர். அடுத்த ஜனவரி 2ஆம் திகதி மூன்று இலட்சம். அதற்குப் பிறகு மில்லியன் கணக்கு.

இந்தக் கதையில் எல்லோரும் வார்டிலைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிபவர் பலக் ஷா. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறத்தாழ 12,000 இருக்கின்றன. அவற்றில் பலவற்றை ஆங்கிலேயரே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பெண் இருந்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, தெரியும், தெரியாது என்று பிரித்து, ஏறத்தாழ 2,500 சொற்களை விடைப் பட்டியலுக்குத் தேர்ந்தார். விளையாடுகிறவர் ஆறாவது தடவையில் தோற்றாலும் "அட, தெரிந்த சொல்தானே" என்று சொல்லும்படி வைத்தது அந்தத் தெரிவுதான். சொல் விளையாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

விதி யாருக்கும் சொந்தமில்லை. மறைத்து வைத்த சொல்லை ஊகித்து, எத்தனை எழுத்துச் சரி என்று கேட்டு நெருங்கும் ஜொட்டோ என்ற விளையாட்டு 1955இல் வந்தது. லிங்கோ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி 1987இல் தொடங்கியது. அதிலும் ஐந்தெழுத்துச் சொல்தான், சரியான எழுத்துக்கும் இடம் மாறிய எழுத்துக்கும் வேறு வேறு குறிதான். எங்களிடமும் எழுத்தை வைத்து விளையாடும் பழக்கம் புதிதல்ல. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய பாட்டுக்குப் பாட்டைக் கேட்டு வளர்ந்த வீடுகள் இவை. கரண்ட் இல்லாத காலத்தில் பற்றரியில் ரேடியோவைப் போட்டு, கொடுத்த எழுத்தில் பாட்டுத் தொடங்கத் தெரியாமல் முழிப்பவரைப் பார்த்து வீடே சத்தம் போடும். அந்த விதிக்கு யாரும் உரிமைப் பத்திரம் எழுதவில்லை.

பெரிய கொம்பனிகள் பிடித்து வைத்திருப்பவை வேறு: பெயர், பட்டியல், விளையாடுகிறவர்கள் வந்து சேரும் இடம். இதை எங்களுக்குப் பக்கத்து நாட்டிலேயே ஒரு வழக்கு தெளிவாகக் காட்டியது.

கொல்கத்தாவைச் சேர்ந்த ரஜத், ஜயந்த் அகர்வாலா என்ற சகோதரர்கள், பலகையில் எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் கட்டும் ஸ்கிரபிளை இணையத்தில் விளையாடும்படி ஸ்கிரபுலஸ் என்று ஒன்றைச் செய்தார்கள். 2007இல் அது பேஸ்புக்கில் ஏறியது. சில மாதங்களில் நாளாந்தம் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விளையாடினார்கள். ஸ்கிரபிளின் உரிமை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹஸ்ப்ரோவிடம், மற்ற நாடுகளில் மாட்டெலிடம். இரண்டு கொம்பனிகளும் அப்போது பேஸ்புக்கில் இப்படி ஒன்றைச் செய்து வைத்திருக்கவில்லை. 2008 ஜூலையில் ஹஸ்ப்ரோ வழக்குப் போட்டது. அந்த மாதம் 29ஆம் திகதி அமெரிக்காவிலும் கனடாவிலும் ஸ்கிரபுலஸ் மூடப்பட்டது. மாட்டெல் டெல்லி மேல்நீதிமன்றத்துக்குப் போனது. செப்ரெம்பரில் வந்த இடைக்காலத் தீர்ப்பு கவனமாக வாசிக்க வேண்டியது: பெயர் ஸ்கிரபிளின் வணிகக்குறியை ஒத்திருக்கிறது, ஆகவே பாவிக்கக்கூடாது, ஆனால் பலகையின் மேல் பதிப்புரிமை கோர முடியாது. சகோதரர்கள் லெக்ஸுலஸ் என்று பெயரை மாற்றி, சில மாற்றங்களும் செய்து தொடர்ந்தார்கள். டிசம்பரில் ஹஸ்ப்ரோ தன் வழக்கை மீளப் பெற்றது.

எனக்கு இதில் மனத்தில் நிற்பது ஸ்கிரபிளின் பிறப்பு. அதுவே ஒரு தனி மனிதனின் வேலை. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த கட்டடக் கலைஞர் அல்பிரட் பட்ஸ், பத்திரிகைப் பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று கையால் எண்ணி எண்ணி எழுத்துகளின் புள்ளியையும் எண்ணிக்கையையும் தீர்மானித்தார். விளையாட்டுக் கொம்பனிகள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. 1948இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் அதை எடுத்து ஸ்கிரபிள் என்று பெயர் வைத்துத் தன் கையால் செய்து விற்கத் தொடங்கினார். அன்று வேண்டாம் என்று தள்ளப்பட்ட ஒன்றை அறுபது வருடம் கழித்து இரண்டு பெரிய கொம்பனிகள் நீதிமன்றத்தில் நின்று காத்தன.

எல்லாக் கதையும் வழக்காக முடிவதில்லை. விற்பனையாகவும் முடியும். பெட்னர் சகோதரர் இருவர் டெக்சஸில் ஒரு சிறு கொம்பனி நடத்தி 2009இல் வேர்ட்ஸ் வித் பிரெண்ட்ஸ் என்ற சொல் விளையாட்டைச் செய்தார்கள். அடுத்த வருட முடிவில் ஸிங்கா என்ற பெரிய விளையாட்டு நிறுவனம் அந்தக் கொம்பனியை 53.3 மில்லியன் டொலருக்கு வாங்கியது. வேர்டிலை 2022 ஜனவரி 31ஆம் திகதி நியூயோர்க் ரைம்ஸ் வாங்கியது. விலையைச் சரியாகச் சொல்லவில்லை, ஏழிலக்கத்தின் கீழ்ப்பகுதி என்று மட்டும் சொன்னார்கள். அதாவது ஒரு மில்லியன் டொலருக்குக் குறையாமல்.

வார்டில் விற்றதை நான் பிழை சொல்ல மாட்டேன். தனி ஒருவர் மில்லியன் கணக்கானவர்களுக்கு ஒரு பக்கத்தை நடத்த முடியாது. அதுவும் அந்த ஜனவரியில் அப்பிள் அங்காடியில் அவருடைய விளையாட்டைப் பெயரோடு படியெடுத்துக் காசு கேட்ட செயலிகள் வரிசையாக வந்தன. அப்பிள் பிறகு அவற்றை எடுத்துவிட்டது. அந்தத் தொல்லைகளை ஒருவர் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. வாங்கியவர்களும் நாசம் செய்துவிடவில்லை. இன்றைக்கும் அது நாளுக்கு ஒரு சொல்தான். 2022 நவம்பரில் அதற்கென்று ட்ரேசி பெனற் என்பவரை ஆசிரியராக வைத்தார்கள். சொல் தெரிவது ஓர் ஆளின் முழுநேர வேலை என்று ஒரு பெரிய நிறுவனம் ஒப்புக்கொண்டது எனக்குச் சந்தோசமான விசயம்.

ஆனால் பட்டியல் கைமாறியது. வார்டிலின் பழைய பக்கத்தில் விடைகள் முழுவதும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே கிடந்தன. நிரலைத் திறந்து பார்க்கத் தெரிந்த யாரும் பார்க்கலாம். பக்கத்தைக் கணினியில் சேமித்து வைத்தால் இணையம் இல்லாமலே வருடக்கணக்கில் விளையாடலாம், கொஞ்சப் பேர் அப்படியே செய்தார்கள். வாங்கிய நிறுவனம் சில சொற்களை எடுத்தது. அதன் விளைவாக 2022 பெப்ரவரி 15ஆம் திகதி ஒரே நாளில் இரண்டு விடைகள்: பழைய பக்கத்தைத் திறந்து வைத்திருந்தவர்களுக்கு 'அகோரா', புதியதில் 'அரோமா'. சின்ன விசயம்தான். என்றாலும் உலகம் முழுக்க எல்லோருக்கும் ஒரே சொல் என்பதுதானே அந்த விளையாட்டின் அழகு. எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் அந்த அழகு தினமும் நடந்தது. வேர்டில் அவரவர் ஊர் நள்ளிரவில் மாறும். சிட்னி மாமி முதலில் விளையாடி நிறக்கட்டங்களைப் போடுவார், பிறகு நாங்கள், பிறகு லண்டன், கடைசியில் ரொறன்ரோ. விடையை யாரும் சொல்லமாட்டார்கள். அந்த நிறக்கட்டங்களைப் பகிரும் வழியைக்கூட வார்டில் யோசிக்கவில்லை. நியூசிலாந்தில் விளையாடியவர்கள் கையால் சதுரங்களை அடித்துப் பகிர்ந்ததைப் பார்த்து 2021 டிசம்பரில் அவர் அதைச் சேர்த்தார். விளையாடுகிறவர்கள் கொடுத்தது அது.

2024 மார்ச்சில் இன்னொன்று நடந்தது. வேர்டிலைப் போலச் செய்து பொதுவில் வைத்திருந்த ஒரு திறந்த நிரலுக்கும், அதிலிருந்து கிளைத்த படிகளுக்கும் எதிராக, நிரல்களைப் போட்டுப் பகிரும் தளமான கிட்ஹப்புக்கு நியூயோர்க் ரைம்ஸ் அகற்றல் அறிவித்தல் அனுப்பியது. கிளைகள் ஏறத்தாழ 1,900. அவற்றில் வேறு மொழிகளில் செய்தவையும் இருந்தன. கட்டங்களின் அமைப்பு, பச்சை மஞ்சள் நிறங்கள் எல்லாம் தம்முடையவை என்பது அவர்கள் வாதம். எங்களுக்கு ஒரு கடிதமும் வரவில்லை. எங்கள் நிரல் வேறு, நிறங்கள் வேறு, கட்டங்கள் நாலு. என்றாலும் அந்தச் செய்தியை வாசித்தபோது நான் நினைத்தது சிறு மொழிகளில் இந்த வேலையைச் செய்த பெடியளையும் பெட்டையளையும்தான். தங்கள் மொழியில் ஒரு பட்டியலைத் தேடிச் சேர்த்து, எழுத்துகளைப் பிரித்து, அப்பா அம்மாவுக்கு விளையாடக் கொடுத்தவர்கள். அந்த மொழிகளில் எந்தப் பெரிய கொம்பனியும் அதைச் செய்து கொடுக்கப் போவதில்லை.

தமிழிலும் அப்படித்தான். ஆங்கிலத்துக்குச் செய்ததை அப்படியே தூக்கித் தமிழுக்கு வைக்க முடியாது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

'யாழ்ப்பாணம்' எத்தனை எழுத்து? மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஆறு என்று சொல்லும்: யா, ழ், ப், பா, ண, ம். கணினியிடம் சாதாரணமாக நீளத்தைக் கேட்டால் 11 என்கிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிக்கோட் முறையில் காலுக்கு ஓர் இடம், புள்ளிக்கு ஓர் இடம். பல மொழிகளில் வரும் பெரிய செயலிகள் சிலவற்றின் தமிழ்ப் பதிப்பில் கட்டத்துக்குள் தனியாக ஒரு கொம்பு நிற்பதை நான் கண்டிருக்கிறேன். அதைப் பார்த்த எந்தத் தமிழ் ஆளும் அடுத்த நாள் அங்கே போகமாட்டார்.

எழுத்தைச் சரியாகப் பிரித்த பிறகுதான் உண்மையான கேள்விகள் தொடங்கும். ஆங்கிலத்தில் 26 எழுத்து. எங்களுக்கு 247. ஊகித்துச் சரியான எழுத்தைத் தொடுவது குருட்டு அதிர்ஷ்டமாகிவிடும். அதற்காகத்தான் மெய் சரி, உயிர் பிழை என்ற கோட்டைச் சேர்த்தோம். மறுபக்கம், தமிழ் தன் இலக்கணத்தாலேயே துப்புக் கொடுக்கிறது. எந்த மெய்க்குப் பின்னால் எந்த எழுத்து வரலாம் என்று, பள்ளிக்கூடத்தில் மெய்ம்மயக்கம் என்ற பெயரில் மனப்பாடம் செய்தோமே, அது இங்கே வேலை செய்கிறது. க், ச், த், ப் நாலும் தமிழ்ச் சொல்லுக்குள் தம்மோடு மட்டும்தான் சேரும்: பக்கம், அச்சு, பத்து, உப்பு. மூன்றாவது கட்டத்தில் க் நீலமாகிவிட்டால் நாலாவதில் ககர வரிசைதான். சொல்லின் முதலில் மெய் வராது. இறுதியில் வல்லின மெய் நிற்காது. இதெல்லாம் இலக்கணம் படித்தவருக்குத் தெரிந்து, படிக்காதவருக்குக் காதால் தெரிந்து, விளையாடும்போது விரலுக்கு வந்துவிடுகிறது. என்னிடம் ரியூசனுக்கு வரும் ஓர் ஓ.எல். பெடியன், "மிஸ், இடையில ப் வந்தால் அடுத்தது பகரம்தானே, நான் இனி அதைத்தான் முதல் தேடுவன்" என்றான். இலக்கணப் பாடத்தில் வராத வெளிச்சம் அவன் முகத்தில் வந்தது.

பட்ஸைப் போல நானும் உதயன் பத்திரிகையின் முன்பக்கத்தை எடுத்து எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன். மெய்யெழுத்துகள்தாம் முன்னே நின்றன. விடைகளில் மகர ஈறு அளவுக்கு மிஞ்சி வந்தால் எல்லோரும் கடைசிக் கட்டத்தில் ம் போட்டே தொடங்குவார்கள் என்பது அந்தக் கணக்கில்தான் விளங்கியது. அதற்குப் பிறகு 'ம்' என முடியும் சொற்களை ரீச்சர் கிழமைக்கு அளவாகவே தருகிறார்.

இனி ரீச்சரின் பட்டியல்.

எங்களிடம் இரண்டு பட்டியல் உண்டு. ஒன்று அகலமானது: ஊகமாக எதை அடித்தால் ஏற்றுக்கொள்வது. மற்றது ஒடுங்கியது: விடையாக எது வரும். அகலமானதற்கு அகராதிகள் உதவின. இந்த விசயத்தில் யாழ்ப்பாணம் ஏழையில்லை. மானிப்பாய் அகராதி என்று சொல்லும் யாழ்ப்பாண அகராதி 1842இல் வந்தது, ஏறத்தாழ 58,500 சொற்கள். 1862இல் சென்னையில் அச்சான வின்சிலோ அகராதிக்கு, நல்லூரில் மிஷன் நடத்திய ஜோசப் நைற் சேர்த்து வைத்த கையெழுத்துப் பிரதிகளும் அடிப்படை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிக்கன் யாழ்ப்பாண வழக்குகளுக்கு என்று தனிக் குறி போட்டு அவற்றைச் சேர்த்திருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பழைய பத்திரிகைகளையும் மின்வடிவில் வைத்திருக்கிறது. ஒரு சொல் அச்சில் எப்படிப் புழங்கியது என்று பார்க்க நாங்கள் அடிக்கடி போகும் இடம் அது.

ஒடுங்கிய பட்டியல் ரீச்சரின் சீ.ஆர். கொப்பியில் இருக்கிறது. இடதுபக்கம் சொல், வலதுபக்கம் யார் வீட்டில், எந்த ஊரில் கேட்டது என்ற குறிப்பு. யன்னல், வாங்கில், அலுமாரி, ஒழுங்கை, முடக்கு, கதியால், ஒடியல், பனாட்டு, கணவாய், திருக்கை. எல்லாம் நாலெழுத்து. எல்லாம் இங்கே பேசப்படுவது. யாழ்ப்பாணத்தோடு நிறுத்தவும் அவர் விடவில்லை. "தமிழ் எண்டால் எங்கட குடாநாடு மட்டுமே பிள்ளை?" என்று கேட்டு, மலையகத்தில் படிப்பித்த காலத்தில் கேட்ட 'கொழுந்து', 'பிரட்டு' இரண்டையும் அவரே சேர்த்தார். மட்டக்களப்பு மாணவி ஒருத்தி சொல்லி 'போடியார்' வந்தது. தமிழ்நாட்டில் இருந்து விளையாடுகிறவர்களுக்கு 'நாற்காலி'யும் 'ஜன்னல்' என்று எழுதுவதும் ஊகத்தில் செல்லும்.

'ஒழுங்கை' விடையாக வந்த நாள் சென்னையில் இருந்து ஒருவர், இப்படி ஒரு சொல்லே கிடையாது என்று கோபமாக எழுதினார். ரீச்சர் அவருக்கு நீண்ட பதில் எழுதினார்: இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஓர் ஆள், ஒரு சைக்கிள் போகக்கூடிய மண்பாதை, முடக்கில் திரும்பினால் யாராவது ஒருவரின் படலை. அந்த ஆள் அடுத்த நாள் மன்னிப்பும் கேட்டு, தங்கள் ஊரில் அதற்குச் சந்து என்போம் என்றும் எழுதியிருந்தார். எனக்கு இந்த விளையாட்டில் கிடைத்த பெரிய சம்பளம் அந்தக் கடிதங்கள்தாம். லண்டனில் பிறந்த பிள்ளைகள் 'கதியால்' என்றால் என்ன என்று தாத்தாவிடம் கேட்கிறார்கள். தாத்தா கிளுவங்கதியால் வெட்டி வேலி போட்ட கதையைச் சொல்கிறார். பேத்தி அதை எழுதி எங்களுக்கு அனுப்புகிறாள்.

இப்போது கொம்பனிக் கதை. வெளிநாட்டில் இருக்கும் ஒரு விளையாட்டுக் கொம்பனி, பெயர் வேண்டாம், எங்கள் பக்கத்தை வாங்கக் கேட்டு எழுதியது. மரியாதையாகத்தான் எழுதினார்கள். சொன்ன தொகை எங்கள் மூவருக்கும் சாதாரணத் தொகையில்லை. ரீச்சரின் ஓய்வூதியத்தோடு பார்த்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே நாங்கள் கடிதத்தைச் சும்மா தூக்கி எறியவில்லை. சிநேகிதி வவுனியாவில் இருந்து பஸ் ஏறி வந்தாள், ரீச்சர் வீட்டு விறாந்தையில் இருந்து வரி வரியாக வாசித்தோம்.

கேட்டது இதுதான். பெயர், முகவரி, நிரல், இரண்டு பட்டியல்களும் அவர்களுக்கு. பட்டியலைப் பொதுவெளியில் இருந்து நாங்கள் எடுத்துவிட வேண்டும். சில வருடங்களுக்கு நாங்கள் வேறு தமிழ்ச் சொல் விளையாட்டுச் செய்யக்கூடாது. செயலியாக மாற்றுவார்கள், ஊகங்களுக்கு நடுவில் விளம்பரம் வரும், துப்பு வேண்டுமென்றால் காசு. இவை எல்லாவற்றையும்கூடப் பேசிப் பார்க்கலாம் என்று சிநேகிதி சொன்னாள். கடைசிப் பந்தி வேறு மாதிரி இருந்தது: பெரிய சந்தைக்குப் பொருத்தமாக வட்டாரச் சொற்களை விடைகளில் இருந்து நீக்குவது.

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்ப அவையளுக்கு வேண்டியது எங்கட சொல்லில்லை, எங்கட ஆக்கள்" என்றார். அதற்குப் பிறகு பேச அதிகம் இருக்கவில்லை.

நான் இன்னொன்றையும் யோசித்தேன். ஒரு பெரிய கொம்பனிக்கு விளையாட்டு என்பது பல பொருள்களில் ஒன்று. ஹேர்டில் என்ற பாட்டு ஊகிக்கும் விளையாட்டை ஸ்பொட்டிஃபை 2022 ஜூலையில் வாங்கியது. 2023 மே மாதத்தில் மூடியது. ஒரு வருடம்கூட இல்லை. ஆங்கிலத்தில் அப்படி ஒன்று போனால் இன்னும் நூறு இருக்கும். தமிழில் ஒரு நல்ல பட்டியலை வாங்கி, பூட்டி, பிறகு இலாபம் இல்லை என்று மூடிவிட்டால், அந்தக் கொப்பியில் உள்ள ஊர்ப் பெயர்களும் குறிப்புகளும் எங்கே போகும்? சட்டப்படி எங்களாலேயே அவற்றைத் திரும்ப வெளியிட முடியாது. மெரியம்-வெப்ஸ்டர் 2023இல் குவோர்டில் என்ற சொல் விளையாட்டை வாங்கி இன்றும் நடத்துகிறது. அது அகராதி நிறுவனம், சொல்லின் அருமை தெரிந்த இடம். எங்களைக் கேட்டது அப்படிப்பட்ட இடம் ஒன்றும் இல்லை.

தனியாக நடத்துவது இலேசு என்று சொல்ல வரவில்லை. டொலர் 200 ரூபா அளவில் நின்றது 2022 மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இணைய முகவரிக்கும் வழங்கிக்கும் டொலரில்தான் கட்ட வேண்டும். செயலியாகப் போட அப்பிளுக்கு வருடம் 99 டொலர், கூகிளுக்கு ஒரு தடவை 25. 2023 நவம்பரில் இருந்து தனியாள் கணக்குத் திறப்பவர் 20 பேரைக் கொண்டு 14 நாள் தொடர்ச்சியாகச் சோதிக்க வேண்டும் என்று கூகிள் விதி கொண்டுவந்தது, பிறகு அதை 12 பேராகக் குறைத்தது. சிறு ஆட்களுக்கு வாசல் ஒடுங்கிக்கொண்டுதான் வருகிறது. ஆகவே நாங்கள் இணையப் பக்கமாகவே வைத்திருக்கிறோம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது எது வேலை செய்தது என்பது எங்களுக்கு நினைவிருக்கிறது. இணையப் பக்கத்தைக் காலையில் சிக்னல் இருக்கும்போது ஒருதரம் திறந்தால் போதும், அதற்குப் பிறகு இணையம் இல்லாமலே விளையாடலாம். அப்படியே எங்களுடையதையும் கட்டினோம். பழைய கைபேசியிலும் ஓடும்.

கடிதத்துக்கு நன்றி சொல்லி, முடியாது என்று எழுதிவிட்டோம். பட்டியலைத் தூக்கிக் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் பொதுவில் வைத்துவிட்டோம். அந்தக் கொம்பனியும் எடுக்கலாம், பாடசாலையும் எடுக்கலாம், எங்களை விடத் திறமாகச் செய்யப்போகும் ஒரு பிள்ளையும் எடுக்கலாம். எடுத்து வைத்துப் பூட்ட மட்டும் யாராலும் முடியாது. நாளைக்கு எங்கள் மூவருக்கும் ஏலாமல் போனாலும் பட்டியல் இருக்கும். சிறு ஆட்கள் பெரிய கொம்பனியோடு காசில் போட்டி போட முடியாது, ஆட்பலத்தில் முடியாது. இதில் முடியும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறுகளில் ஐந்தெழுத்துச் சொல் போடப்போகிறோம். அதற்குக் கடல் சார்ந்த சொற்கள் போதாமல் இருக்கின்றன. குருநகர், பாசையூர், மயிலிட்டி, பருத்தித்துறைப் பக்கம் வீடுள்ளவர்கள் மீன், வலை, தோணி, காற்று, நீரோட்டம் பற்றிய சொற்களை அனுப்புங்கள். முல்லைத்தீவு, மன்னார் ஆட்களும் அனுப்புங்கள், உங்கள் சொற்கள் எங்களுடையதில் இருந்து வேறுபடும். சொல், பொருள், ஊர், வீட்டில் அதைச் சொல்லும் ஒரு வசனம், இந்த நாலும் வேண்டும். குரல்பதிவாக அனுப்பினாலும் நல்லது, ர, ற எது என்று ரீச்சருக்குக் கேட்டுத் தீர்மானிக்க உதவும். ஒவ்வொன்றையும் அவர் வாசிப்பார். சேர்க்காவிட்டால் ஏன் சேர்க்கவில்லை என்றும் உங்களுக்கு எழுதுவார்.